பாய்மரப் படகின் பில்ஜ் பம்பும் அலாரமும்: எது மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது

படகின் தரைப்பலகைகளுக்குக் கீழே, எல்லாக் கசிவும் கடைசியில் வந்து தேங்கும் பள்ளம்தான் பில்ஜ். அங்கே ஒரு பம்ப். தண்ணீர் ஏறினால் அதை ஓடவைக்க ஒரு ஃப்ளோட் சுவிட்ச். பம்பையும் மீறித் தண்ணீர் ஏறினால் கத்துவதற்கு ஒரு அலாரம். அமைப்பு என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனாலும் படகில் உள்ள மின்சாதனங்களில் அடிக்கடி படுத்துவது இதுதான். உப்புத் தண்ணீரிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வருடம் முழுக்க ஊறினால் எதுதான் தாங்கும்?

இதே பழுதுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ததில் தெரிந்தது, பம்ப் மோட்டாரே செத்துப்போவது குறைவு. பம்புக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும் வயர் இணைப்பு, ஃப்ளோட்டில் சிக்கிய குப்பை, குழாயைக் கொண்டுபோன விதம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் புது பம்ப் வாங்குவதற்கு முன் கீழே உள்ளபடி பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாமல் தீர்வது முதலில் வரும், பர்ஸைக் கடிப்பது கடைசியில் வரும். இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் படகுகளுக்கு. 24 வோல்ட் என்றால் எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டார்ச், ஒரு வாளி, உதிரி ஃப்யூஸ்கள், இரண்டு முனையிலும் கிளிப்பும் நடுவில் ஒரு ஃப்யூஸும் வைத்த நீண்ட சோதனை வயர்.

கையை உள்ளே விடும்முன் இரண்டு விஷயம். கரையிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் அந்தப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, பில்ஜ் தண்ணீரில் விழுந்து கிடக்கும் 230 வோல்ட் வயர் ஆளைக் கொன்றுவிடும். அடுத்து, மூக்கை வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாடையோ சமையல் கேஸ் வாடையோ வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. பம்ப் பொறி பறக்காதபடி செய்யப்பட்டிருக்கலாம், உங்கள் கிளிப் அப்படி இல்லை. காற்றோட்டம் வரும்வரை திறந்து வையுங்கள்.

## தண்ணீர் ஏற்கெனவே தரைப்பலகைக்கு வந்துவிட்டது

அப்படியானால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவர் கைப்பம்பை அடிக்கட்டும். இன்னொருவர் சீகாக்குகளை, அதாவது படகின் உடலில் உள்ள துளைகளின் வால்வுகளை, ஒவ்வொன்றாக மூடட்டும். இன்ஜின் தேவைப்படும் என்றால் அதன் குளிர்நீர் வால்வை மட்டும் விட்டுவைக்கலாம், ஆனால் அந்தக் குழாயே கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் குறையவில்லை என்றால் தயங்காமல் வி.எச்.எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் உதவி கேளுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மி.மீ. துளை ஒன்று திறந்தால் நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். மணிக்கு 2000 லிட்டர் என்று லேபிள் ஒட்டிய சின்ன பம்ப் நல்ல நாளிலேயே நிமிடத்துக்கு 33 லிட்டர்தான் தள்ளும். அப்படிப்பட்ட ஓட்டையை எந்தத் தானியங்கி பம்பும் சமாளிக்காது.

## தண்ணீர் ஏறுகிறது, பம்ப் ஓடவில்லை

பேனலில் இருக்கும் மூன்று நிலைச் சுவிட்சை மேனுவலுக்குத் தட்டுங்கள். வழி இங்கே இரண்டாகப் பிரிகிறது.

### மேனுவலில் ஓடுகிறது, ஆட்டோவில் ஓடவில்லை

பம்பும் அதன் நெகட்டிவ் வயரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். பாதி வேலை முடிந்தது.

முதலில் சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். யாரோ சுத்தம் செய்யும்போது ஆஃபில் போட்டுவிட்டு அப்படியே போயிருப்பார்கள். இது சிரிப்பதற்கில்லை, அடிக்கடி நடக்கிறது. சுவிட்சின் மேல் ஒரு சின்ன மூடி போட்டுவிட்டால் தீர்ந்தது.

அடுத்து ஃப்யூஸ். ஆட்டோ வழிக்குத் தனி ஃப்யூஸ், பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். பேனலில் தேடினால் கிடைக்காது. ஆட்டோ வழி மெயின் பேட்டரி சுவிட்சைத் தாண்டி நேரடியாகப் பேட்டரியில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே சரிபாருங்கள். மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் பம்பும் அணைந்துபோகும்படி வயரிங் செய்த படகுகள் நிறைய உண்டு. மெயினை ஆஃப் செய்துவிட்டு ஃப்ளோட்டைத் தூக்கிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் உங்கள் படகும் அந்த ரகம்தான்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ஃப்ளோட்டைக் கையால் தூக்குங்கள். தூக்கியதும் ஓடினால் மின்சாரத்தில் குறை இல்லை. ஃப்ளோட்தான் எழும்ப முடியாமல் கிடக்கிறது. சுற்றிலும் தடவிப் பாருங்கள். மரச்சீவல், ஈரத்தில் உரிந்த டப்பா லேபிள், வெட்டிப்போட்ட கேபிள் டை துண்டு, கிரீஸில் உருண்ட முடி என்று ஏதாவது ஃப்ளோட் மடங்கும் கீலுக்கு அடியில் மாட்டியிருக்கும். பம்பின் வயரே ஃப்ளோட்டின் மேல் விழுந்து அழுத்திக்கொண்டிருப்பதும் உண்டு.

தூக்கியும் ஓடவில்லை என்றால் ஃப்ளோட்டின் இரண்டு வயரையும் அதன் இணைப்பில் கழற்றி, படகுப் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவையுங்கள். பம்ப் ஓடினால் ஃப்ளோட் சுவிட்ச் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். ஓடவில்லை என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது, அல்லது இணைப்பு அரித்திருக்கிறது. அதற்கான சோதனை அடுத்த பகுதியில் இருக்கிறது.

புது ஃப்ளோட்டைப் பொருத்தும்போது அதன் கை படகின் முன்-பின் வாக்கில் கிடக்கும்படி வையுங்கள். குறுக்காக வைத்தால் படகு பக்கவாட்டில் சாயும்போது ஃப்ளோட் தானே எழும்பும், அல்லது எழும்ப வேண்டிய நேரத்தில் படுத்துக்கொள்ளும். மிதவை இல்லாத எலக்ட்ரானிக் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதன் முகத்தில் எண்ணெய்ப் படலம் படிந்தால் தண்ணீரை உணராமல் போகலாம், தண்ணீர் வடிந்த பிறகும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுப் பிறகு சந்தேகப்படுங்கள்.

### எதிலுமே ஓடவில்லை

பேட்டரி மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஓய்வில் 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பேட்டரி கிட்டத்தட்ட காலி. பம்பை விட்டுவிட்டுச் சார்ஜிங்கைப் பாருங்கள்.

பேட்டரி சரி, ஃப்யூஸ்களும் சரி என்றால் பம்பின் வயர் இணைப்புக்கு வாருங்கள். இங்கே பலரும் ஒரு விஷயத்தில் ஏமாறுவார்கள். சுவிட்சை மேனுவலில் போட்டு, பம்பைக் கழற்றிவிட்டு, வயர் முனையில் மீட்டர் வைத்தால் 12.6 காட்டும். "கரண்ட் வருகிறது, அப்போ பம்ப்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அரித்துப்போய் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் இணைப்பும் சும்மா இருக்கும்போது முழு வோல்ட்டைக் காட்டத்தான் செய்யும். பம்ப் இழுக்க ஆரம்பித்ததும் 4, 5 வோல்ட் என்று விழுந்துவிடும். அதனால் பம்பை மாட்டியபடியே, சுவிட்ச் ஆனில், பம்பின் இரண்டு வயருக்கும் நடுவே அளக்க வேண்டும்.

அப்படி அளந்து முழு வோல்ட் வந்தும் பம்ப் சும்மா இருந்தால் குறை பம்பில். வோல்ட் விழுந்தால் குறை வழியில். எந்தப் பக்கம் என்று தெரிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் நெகட்டிவ் வயரிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நெகட்டிவ் பக்கம் அழுகியிருக்கிறது. எல்லோரும் பாசிட்டிவையே துரத்துவதால் இந்தப் பக்கம் பல வருடம் கவனிக்கப்படாமல் கிடக்கும்.

இணைப்பைத் திறந்தால் பச்சைப் பொடி தெரியும். அதை மட்டும் சுரண்டிவிட்டுத் திரும்ப முறுக்கினால் ஒரு மாதம்கூடத் தாங்காது. வயரின் உறையைச் சீவிப் பாருங்கள்: செம்பு கறுத்திருந்தால் உப்புநீர் இழைகளுக்கு நடுவே ஏறிவிட்டது என்று அர்த்தம். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் வெட்டியும் கறுப்புதான் என்றால் உலர்ந்த இடம்வரை புது வயர் இழுப்பதே நல்லது, வெள்ளீயம் பூசிய படகு வயராக. புது இணைப்பைப் பில்ஜில் தண்ணீர் எட்டாத உயரத்தில், உள்ளே பசை உருகி அடைக்கும் சுருங்கு குழல் போட்டுச் செய்யுங்கள். இன்சுலேஷன் டேப் அங்கே தாங்காது; அது ஈரத்தை உள்ளே பிடித்துவைப்பதோடு சரி.

குறை பம்பில்தான் என்றால் உடனே தூக்கிப்போட வேண்டாம். பெரும்பாலான முங்கு பம்புகளில் அடிக்கூடை இரண்டு பக்கத் தாழ்ப்பாளை அழுத்தினால் கழன்று வரும். இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தை, விரலால் சுற்றிப் பாருங்கள் (ஃப்யூஸை எடுத்துவிட்டு!). குப்பை மாட்டி நின்றிருந்தால் எடுத்ததும் சுற்றும். தாராளமாகச் சுற்றுகிறது, சோதனை வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தும் அசையவில்லை என்றால் மோட்டார் முடிந்தது. சில மாடல்களில் மோட்டார் பகுதியை மட்டும் மாற்றலாம், அடிக்கூடையையும் குழாயையும் தொட வேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: வயர் உறை உருகிய தடயம் தெரிந்தால், அல்லது பிளைவுட் பலகைகளுக்குப் பின்னால் ஓடும் வயரில் குறை என்று உறுதியாகி, அதை எப்படி வெளியே எடுப்பது என்று புரியாவிட்டால்.

## பம்ப் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வெளியே போகவில்லை

எனக்கு மிகவும் பயம் தரும் அறிகுறி இதுதான். சத்தம் கேட்டதும் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று ஆள் திரும்பிப் படுத்துக்கொள்வார். பம்ப் ஓடுகிறதா என்று காதால் கேட்காதீர்கள். படகுக்கு வெளியே தண்ணீர் விழுகிறதா என்று எட்டிப் பாருங்கள்.

முதல் சோதனை: பம்பின் வாயிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, பம்ப் தண்ணீருக்குள் இருக்கும்போதே ஓட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் பம்ப் நன்றாக இருக்கிறது, குழாய்தான் குற்றவாளி. பீய்ச்சவில்லை என்றால் பம்பைப் பாருங்கள்.

### பீய்ச்சவில்லை

அடிக்கூடையின் துளைகள் அடைத்திருக்கலாம். இம்பெல்லர் தண்டிலிருந்து கழன்று மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கலாம். பம்பைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் வயர் மாறிப்போயிருக்கலாம்: இந்த மோட்டார்கள் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், சத்தம் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது, தண்ணீர் மட்டும் சோம்பலாக வரும். தானியங்கி பம்பில் மூன்று வயர் வரும், நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பழைய பம்பின் நிறத்தைப் பார்த்துப் புதியதை மாட்டாதீர்கள். பெட்டியில் வந்த தாளைப் பாருங்கள்.

### பீய்ச்சுகிறது

நான் முதலில் தேடுவது, குழாயில் யாராவது செக் வால்வ் வைத்திருக்கிறார்களா என்று. தண்ணீர் திரும்பி வராமல் இருக்க நல்லெண்ணத்தில் வைப்பார்கள். இந்த வகைப் பம்புக்கு அழுத்தும் சக்தி மிகக் குறைவு. வால்வின் நாக்கில் கொஞ்சம் பிசின் ஒட்டினால் அதைத் திறக்க முடியாது. வால்வுக்கு மேலே நிற்கும் தண்ணீர் அழுத்த, கீழே பம்புக்குள் காற்று மாட்டிக்கொள்ள, மோட்டார் வெறுமனே சுற்றும். கழற்றி எறிந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

செக் வால்வ் இல்லை என்றால் குழாயின் வழியை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பம்பிலிருந்து வெளியேறும் வாய்வரை குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் இறங்கி ஏறும் பள்ளம் இருந்தால் அதில் தண்ணீர் நின்று, பம்புக்கும் அதற்கும் நடுவே காற்றுக் குமிழ் அடைபடும். குழாயைச் சற்றே தூக்கிக் கட்டினால் போதும், காசே வேண்டாம். பம்பின் வாய் கிடைமட்டமாக இருந்தால் குழாய் உடனே மேல்நோக்கித் திரும்பட்டும்.

வருகிறது, ஆனால் கொஞ்சமாக வருகிறது என்றால் பம்பின் லேபிளை நம்பாதீர்கள். அதில் போட்டிருக்கும் எண், குழாயே இல்லாமல், உயரம் தூக்காமல், சார்ஜ் ஏறும் பேட்டரியின் வோல்ட்டில் அளந்தது. படகில் பொருத்தியபின் அதில் பாதி வந்தாலே மகிழ்ச்சி. உங்களுடையதை நீங்களே அளந்துகொள்ளுங்கள்: 10 லிட்டர் ஊற்றி, அது வெளியேற எத்தனை விநாடி என்று பாருங்கள். 20 விநாடி ஆனால் மணிக்கு 1800 லிட்டர். அந்த எண்ணைப் பம்புக்குப் பக்கத்திலேயே மார்க்கரில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் 35 விநாடி ஆகும்போது எங்கோ அடைக்கிறது என்று தெரிந்துவிடும். உள்பக்கம் வரிவரியாக மடிந்த மலிவுக் குழாய் இருந்தால் உள்சுவர் வழுவழுப்பானதாக மாற்றுங்கள், கண்கூடாக வித்தியாசம் தெரியும்.

## பம்ப் நிற்கவே மாட்டேன் என்கிறது

உள்ளே தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் பம்ப் தன் வேலையைத்தான் செய்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

காய்ந்த பில்ஜில் ஓடுகிறது என்றால் ஃப்ளோட்டை ஆட்டிப் பாருங்கள். கீழே இறங்க முடியாமல் குப்பை தாங்கிக்கொண்டிருந்தால் எடுத்ததும் நிற்கும். ஃப்ளோட் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது என்றால் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்தச் சுவிட்சைத் தட்டி நிறுத்தினாலும் திரும்ப ஒட்டும், மாற்றிவிடுங்கள். ஃப்ளோட் பம்பைவிடத் தாழ்வான இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பால் உறிஞ்ச முடியாத கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீரில் ஃப்ளோட் மிதந்துகொண்டே இருந்தால், பேட்டரி தீரும்வரை பம்ப் வெறுமனே ஓடும்.

இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விநாடி "விர்" என்று ஓடி நிற்கிறதா? அது பழுதில்லை. சில தானியங்கி பம்புகளில் ஃப்ளோட்டே கிடையாது. தண்ணீர் இருக்கிறதா என்று அவ்வப்போது இப்படி ஓடித்தான் சோதித்துக்கொள்ளும். தூக்கம் கெடுகிறது என்றால் ஃப்ளோட் வகைக்கு மாறிக்கொள்ளலாம்.

## ஓடுகிறது, நிற்கிறது, உடனே திரும்ப ஓடுகிறது

பம்ப் நின்றதும் குழாயில் இருந்த தண்ணீர் திரும்ப இறங்கி ஃப்ளோட்டைத் தூக்குகிறது. 25 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு அரை லிட்டர் பிடிக்கும். நாலு மீட்டர் என்றால் இரண்டு லிட்டர், குறுகலான ஆழப் பில்ஜில் அது தாராளமாகப் போதும்.

ஃப்ளோட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள்; பல படகில் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் குழாயின் நீளத்தைக் குறையுங்கள். நீர்மட்டம் இறங்கியபின்னும் சில விநாடி சேர்த்து ஓடவைக்கும் தாமதச் சுவிட்சும் வைக்கலாம். மிக ஆழமான, குறுகிய பில்ஜுக்கு நல்ல ஏற்பாடு: அடியில் மெல்லிய குழாயோடு ஒரு சின்ன பம்ப் தினசரிக் கசிவுக்கு, அதற்கு ஒரு சாண் மேலே பெரிய குழாயோடு பெரிய பம்ப் ஆபத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வாய், தனி ஃப்யூஸ். ஒரே குழாயில் இணைத்தால் ஒன்று தள்ளுவது இன்னொன்றின் வழியாகத் திரும்ப உள்ளே வரும்.

## நங்கூரத்தில் காய்ந்திருக்கிறது, பாய் விரித்துச் சாய்ந்தால் தண்ணீர் சேர்கிறது

பாய்மரப் படகுக்கே உரிய தொல்லை. பம்பின் வெளியேறும் வாய் நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். படகு அந்தப் பக்கம் சாய்ந்ததும் முங்கிவிடும். அந்த நேரம் பம்ப் ஒருமுறை ஓடி நின்றால் குழாய் முழுக்கத் தண்ணீர். அப்புறம் கடலே அதே குழாய் வழியாக உள்ளே வடிய ஆரம்பிக்கும். பம்ப் அதை வெளியேற்றும், நிற்கும், கடல் மறுபடி உள்ளே வரும்.

உறுதிசெய்ய, நல்ல காற்றில் அந்தப் பக்கம் சாய்ந்து ஓடும்போது ஒருவர் கீழே போய், பம்ப் நின்றபின் அதன் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கூடை வழியாகத் தண்ணீர் வெளியே ஊறி வருவது கண்ணுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

குழாயை நீர்மட்டத்துக்கு வெகு மேலே, படகின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு வளைவாக ஏற்றி, உச்சியில் காற்று உள்ளே விடும் சின்ன வால்வு வைப்பதுதான் தீர்வு. அந்த வால்வில் உப்பு கட்டி ஒட்டிக்கொள்ளும், சீசனுக்கு ஒருமுறை வெந்நீரில் கழுவுங்கள். இருக்கிற வளைவில் மறுபடி இந்தத் தொல்லை வந்தால் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். வெளியேறும் வாயையே பின்பக்கப் பலகையின் மேல்பகுதிக்கு மாற்றலாம், ஆனால் படகின் உடலில் புதுத் துளை போட்டுப் பழையதை அடைக்கும் வேலை அது. ஃபைபர்கிளாஸ் வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

## ஃப்யூஸ் போட்டதும் போகிறது

பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். கூடாது. இம்பெல்லர் மாட்டி நின்ற மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அந்த நேரத்தில் உருகுவதற்குத்தான் ஃப்யூஸ். பம்பின் லேபிளில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதுதான்.

இம்பெல்லரைச் சுத்தம் செய்தீர்கள், அப்போதும் போகிறது. பம்பைக் கழற்றிவிட்டு ஃப்யூஸ் போடுங்கள். ஃப்யூஸ் போகாமல் நின்றால் பம்பின் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. பம்ப் இல்லாமலே ஃப்யூஸ் போனால் வயர் எங்கோ உராய்ந்து நெகட்டிவைத் தொடுகிறது.

## அலாரம்

என்னைக் கேட்டால் பெரிய பம்புக்குச் செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு அலாரத்துக்கு. கசிவு சின்னதாக இருக்கும்போதே உங்களை எழுப்புவது அதுதான்.

### தண்ணீர் ஏறியும் கத்தவில்லை

அலாரத்தின் வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். பம்பின் ஃப்ளோட்டிலிருந்தே எடுத்திருந்தால் வடிவமைப்பே தவறு: அந்த ஃப்ளோட் செத்தால் பம்பும் ஓடாது, அலாரமும் கத்தாது. அலாரத்துக்குத் தனி ஃப்ளோட், பம்பின் ஃப்ளோட்டைவிட 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்தில், பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ். பம்ப் ஓடுகிறது என்று காட்ட பேனலில் ஒரு சின்ன விளக்கு போதும். ஒவ்வொரு முறை பம்ப் ஓடும்போதும் சத்தம் வரும்படி வைத்தால், இரண்டு வாரத்தில் யாராவது அந்த வயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

தனி ஃப்ளோட் இருக்கிறது, அதைத் தூக்கியும் சத்தமில்லை என்றால் நிசப்தச் சுவிட்சைப் பாருங்கள். கத்தும்போது அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். அணைத்திருக்கும்வரை சிவப்பு விளக்கு எரியும்படி வயரிங் செய்தால் இது வராது. அப்புறம் ஃப்யூஸ், பின் பஸ்ஸருக்கே சோதனை வயரில் நேரடியாக 12 வோல்ட். இந்தச் சோதனையை ஒருமுறையாவது இன்ஜின் ஓடும்போது, காக்பிட்டில் ஓர் ஆளை நிறுத்திச் செய்யுங்கள். அறைக்குள் காதைப் பிளக்கும் பஸ்ஸர் டீசல் சத்தத்தில் காணாமல் போகும். காக்பிட்டில் இரண்டாவது பஸ்ஸர் வைக்க ஒரு நீள வயர்தான் தேவை.

கையால் ஃப்ளோட்டைத் தூக்குவது பாதி சோதனைதான். மாதம் ஒருமுறை பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, அலாரம் கத்தும்வரை வாளி வாளியாக ஊற்றுங்கள். பிறகு ஃப்யூஸைப் போட்டு, பம்ப் அதை இறைப்பதையும் பாருங்கள்.

### தண்ணீர் இல்லாமலே கத்துகிறது

கடல் ஆட்டத்தில் மட்டும் கத்தினால் தண்ணீர் சளப்பி ஃப்ளோட்டை நொடிக்கு நொடி தூக்குகிறது. 5 முதல் 10 விநாடி தொடர்ந்து தூக்கியிருந்தால் மட்டும் கத்தும் தாமத ரிலே வையுங்கள், அல்லது ஃப்ளோட்டைச் சுற்றித் துளையிட்ட பைப் துண்டு ஒன்றை நிறுத்துங்கள். அசையாமல் நிற்கும்போதும் கத்தினால் ஒட்டிய சுவிட்ச், அல்லது ஈரமான இணைப்பு.

## பேட்டரி காலையில் காலி

பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரியில் பாதியைத்தான் கேடில்லாமல் பயன்படுத்த முடியும். 2.5 ஆம்பியர் இழுக்கும் சின்ன பம்ப் இடைவிடாமல் 20 மணி நேரம் ஓடும். 10 ஆம்பியர் இழுக்கும் பெரியது 5 மணி நேரம். ஆளில்லாமல் படகை விட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

பம்ப் ஓடவே இல்லை, ஆனாலும் பேட்டரி வடிகிறது என்றால் ஆட்டோ ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மீட்டரை மில்லிஆம்பியரில் வையுங்கள். சாதாரண ஃப்ளோட் கீழே இருக்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும். எலக்ட்ரானிக் சென்சார் தனக்கென்று சில மில்லிஆம்பியர் எடுக்கும், அது இயல்பு. மற்றபடி ஏதாவது காட்டினால் ஈரத்தில் நனைந்த இணைப்பு வழியாகப் பேட்டரி பில்ஜ் தண்ணீருக்குள் கசிகிறது. பேட்டரி காலியாவது அதில் சின்ன நஷ்டம். அந்த மின்னோட்டம் வெண்கல சீகாக்குகளையும் ப்ரொப்பெல்லர் தண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். உடனே அந்த இணைப்பை வெட்டிப் புதிதாகச் செய்யுங்கள். சீகாக்கைச் சுரண்டினால் மஞ்சள் மினுக்கம் இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உலோகம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டது. அதைத் திருகிப் பார்க்காமல் படகைக் கரையேற்றி, படகுகளைப் பரிசோதிக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

## எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் முன்பைவிட அடிக்கடி ஓடுகிறது

பம்பில் குறையில்லை, படகில் குறை. எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். அது இல்லாமல் இந்த அறிகுறியைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று முதலில் பாருங்கள். நாக்கில் வைக்காதீர்கள், டீசலும் என்னென்னவோவும் கலந்திருக்கும். ஒரு கரண்டி எடுத்துக் கறுப்புத் தட்டில் காயவையுங்கள். வெள்ளைப் படிகம் படிந்தால் கடல். படியவில்லை என்றால் குடிநீர்த் தொட்டி, அதன் குழாய், அல்லது பாய்மரக் கம்பம் வழியாக வடியும் மழை. பழைய உப்பு பில்ஜிலேயே கிடந்து குழப்பும், அதனால் ஒருமுறை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் புதிதாக ஊறுவதை எடுங்கள். எண்ணெய் மிதந்தால் பம்பை ஆட்டோவில் விட வேண்டாம். எண்ணெய் கலந்த நீரைக் கடலில் விடுவது பல நாடுகளில் தண்டனைக்குரியது. உறிஞ்சு துணியால் எடுத்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

உப்பு என்றால் எல்லோரும் முதலில் கை காட்டுவது ப்ரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் உள்ள ஸ்டஃபிங் பாக்ஸை. பழைய வகை ஸ்டஃபிங் பாக்ஸ் தண்டு சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடத்தான் வேண்டும். மூன்று சொட்டு என்றே வைத்து, இரவு பகலாகச் சொட்டினாலும் ஒரு நாளைக்குக் கால் லிட்டர்கூட வராது. உங்கள் பம்ப் தினம் பல முறை ஓடுகிறது என்றால் அந்தச் சொட்டைக் காரணம் காட்டி நிம்மதியடைய முடியாது. சொட்டு ஒழுக்காக மாறியிருந்தால் நட்டைக் கால் திருகு இறுக்கிப் பாருங்கள். ஓடும்போது தண்டுப் பகுதி கை பொறுக்காத சூடானால் இறுக்கம் அதிகம்.

அங்கே சரி என்றால் உலர்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு சீகாக்கின் அடியிலும், குழாய்க் கிளாம்பின் அடியிலும், சுக்கான் தண்டின் அடியிலும் சுற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். நனைந்த தாள் இடத்தைச் சொல்லிவிடும். கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் வேலை, துருப்பிடித்திருந்தால் புது கிளாம்ப், குழாய் வெடித்திருந்தால் புதுக் குழாய். வால்வே கசிந்தால் தண்ணீரில் இருக்கும்போது கழற்றாதீர்கள்.

எல்லாத் தாளும் காய்ந்திருக்க, கீல் போல்ட்டுகளை, அதாவது படகின் அடியில் உள்ள கனமான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் துருநிறத்தில் ஊறுகிறதா? அதை மேலிருந்து பசை பூசி அடைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பயணத்தை ரத்து செய்து, படகைக் கரையேற்றச் சொல்லி, போல்ட்டுகளைச் சர்வேயரிடம் காட்டுங்கள்.